இரண்டு முறை மாட்டிய வைப்பர்

என் கார் ஓடும்போது சத்தம் வராது. மின்சாரத்தில் ஓடுகிற கார். வாங்கிய புதிதில் தெருவில் எல்லோரும் அதைத்தான் அதிசயமாகச் சொன்னார்கள். நடுத்தெருவில் படுத்திருக்கும் நாய்கூட நகராது. வண்டி பக்கத்தில் வந்த பிறகுதான் துள்ளி எழும். என் கணவர் கூட இருந்தவரை எனக்கு அந்த அமைதி பிடித்திருந்தது. அவர் பேசுவது தெளிவாகக் கேட்கும். அவர் மறுபடி மஸ்கட்டுக்குப் போய், நான் ஒருத்தியாக நசரத்பேட்டை வீட்டிலிருந்து வேலப்பன்சாவடிக்கு வேலைக்குப் போய்வரத் தொடங்கிய பிறகுதான், ஒரு வண்டிக்குக் கொஞ்சமாவது சத்தம் இருக்கவேண்டும் என்று தோன்றியது.

பக்கத்து சீட்டில் என் கைப்பையையும் சாப்பாட்டுப் பையையும் வைத்தால், யாரோ உட்கார்ந்திருப்பதாக நினைத்துக்கொண்டு அந்த வண்டி பெல்ட் போடச் சொல்லிக் கூவும். முதலில் பைகளைப் பின் சீட்டில் தூக்கிப் போட்டுப் பார்த்தேன். அது சலித்துப்போய், ஒரு நாள் இடது பக்க பெல்ட்டை இழுத்து ஆளில்லாத சீட்டுக்கு மாட்டிவிட்டேன். அதற்குப் பிறகு அதைக் கழற்றவே இல்லை.

கல்யாணமான மறு வருஷமே அவர் வளைகுடாவுக்குப் போய்விட்டவர். ஐ.டி.ஐ.யில் ஏ.சி. மெக்கானிக் படித்தவர். இங்கே அவருடைய அப்பாவும் அம்மாவும் கூலிக்கு நாற்று நட்ட நிலமெல்லாம் மனைகளாகி, அதில் ஒன்றில்தான் நாங்கள் வீடு கட்டியிருந்தோம். அவர் இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை வருவார். ஒரு மாதம் இருப்பார். நான் ஒரு கல்லூரியில் வேதியியல் ஆய்வக உதவியாளர். பெண்ணை வளர்த்து, படிக்கவைத்து, ஓசூரில் கட்டிக்கொடுத்தேன். தனியாக இருப்பது எனக்குக் கைப்பழக்கமான வேலையாக இருந்தது. இருட்டில் ஸ்விட்சைத் தேடாமல் போடுகிற மாதிரி.

பிறகு ஒரு நாள் "போதும், வந்துடறேன்" என்று சொல்லிவிட்டு அவர் நிரந்தரமாக வந்தார். இரண்டு வருஷம் இருந்தார். காரை அவர்தான் தேடித் தேடி வாங்கினார். ஐம்பது வயதில் எனக்கு அவரே ஓட்டக் கற்றுக்கொடுத்தார். நல்ல வாத்தியார் என்று சொல்ல முடியாது. "பிரேக்கு, பிரேக்கு!" என்று என் காதுக்குள் கத்துவார், நான் பயந்து இன்னும் வேகமாக மிதிப்பேன். சாயங்காலங்களில் வெளிவட்டச் சாலையில் கொஞ்ச தூரம் போய்விட்டு, ஒரு வேலையும் இல்லாமல் திரும்பி வருவோம். சில நாள் செம்பரம்பாக்கம் ஏரிக் கரைப் பக்கம் நிறுத்தி சுண்டல் சாப்பிடுவோம். பிறகு பழைய கம்பெனியிலிருந்து கூப்பிட்டார்கள். ஒப்பந்த வேலை. யோசிக்க நேரம் கேட்பார் என்று நினைத்தேன். மறுநாளே பெட்டியை இறக்கித் தூசு தட்டினார்.

தனியாக இருக்கும் பழக்கத்தை அந்த இரண்டு வருஷம் கெடுத்துவிட்டிருந்தது. முன்பு இல்லாத புதுப் பழக்கங்கள் வந்துவிட்டன. டீ போடும்போது தண்ணீரை அதிகமாக வைத்துவிடுவேன். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் மகள் போன் செய்து நான் "சொல்லும்மா" என்று வாயைத் திறக்கும்போது குரல் கரகரக்கும். அன்றைக்குப் பேசுகிற முதல் வார்த்தை அதுதான் என்பது அப்போதுதான் உறைக்கும்.

அந்த வருஷம் மழை கொஞ்சம் தாமதமாகத்தான் பிடித்தது. பிடித்த பிறகு விடவில்லை. ஒரு புதன்கிழமை சாயங்காலம் கல்லூரியிலிருந்து கிளம்பி நெடுஞ்சாலைக்கு வந்ததும் வானம் பிய்த்துக்கொண்டு கொட்டியது. வைப்பரைப் போட்டேன். வெயில் காலம் முழுக்கக் கல்லூரி மைதானத்தில் நின்று நின்று அதன் ரப்பர் காய்ந்துபோயிருந்திருக்கிறது, நான் கவனிக்கவில்லை. என் பக்கத்து வைப்பரின் ரப்பர் ஓரத்திலிருந்து கிழிந்து வால் மாதிரித் தொங்க ஆரம்பித்தது. ஒவ்வொரு முறை அது போய் வரும்போதும் கண்ணாடியில் விசிறி போல ஒரு கலங்கல் விழுந்தது. எதிர் வெளிச்சம் பட்டால் அந்தக் கலங்கல் முழுக்க வெள்ளையாகிவிடும். முன்னால் போகிற லாரியின் சிவப்பு விளக்கு மட்டும் எங்கேயோ மிதந்தது. எப்படியோ ஊர்ந்து மேம்பாலத்தடிக்கு வந்து ஓரமாக நிறுத்தினேன்.

பாலத்தடியில் ஏற்கெனவே ஒரு கூட்டம் நின்றிருந்தது. எல்லாம் இருசக்கர வண்டிக்காரர்கள். துப்பட்டாவைப் பிழிந்துகொண்டு, செல்போனை உறைக்குள் திணித்துக்கொண்டு, ஹெல்மெட்டைக் கழற்றித் தண்ணீரை உதறிக்கொண்டு நின்றார்கள். ரெயின்கோட் போட்ட ஒருவர் வந்து என் கண்ணாடியைத் தட்டினார். இறக்கினேன்.

"இன்னாக்கா, வண்டி நின்னுபோச்சா?"

"இல்லப்பா. வைப்பர் ரப்பர் பிஞ்சிடுச்சு. ஒண்ணும் தெரியல."

அவர் முன்னால் போய் எட்டிப் பார்த்தார். "ஆமா, தொங்கிகினு கீது. இப்ப எடுக்காதக்கா. ரோட்ல பள்ளம் எது, ரோடு எதுன்னே தெரியல. மழ உட்டதும் போ" என்று சொல்லிவிட்டுத் தன் கூட்டத்துக்குத் திரும்பினார்.

அத்தனை பேரும் நனைந்து நிற்க, நான் மட்டும் ஈரம் படாமல் காருக்குள் உட்கார்ந்திருப்பது எனக்குக் கூச்சமாக இருந்தது. கதவைத் திறந்துகொண்டு இறங்கி அவர்களோடு போய் நின்றேன். என் பக்கத்தில் ஒரு புருஷனும் மனைவியும். அந்தப் பெண் புருஷனைத் திட்டிக்கொண்டிருந்தாள்.

"சொன்னனா இல்லியா? கோட்ட எடுத்துக்கினு வா, எடுத்துக்கினு வான்னு காலைல எத்தினி வாட்டி சொன்னேன்?"

"நீ எடுத்தாந்து வண்டில வெக்கிறதுதான?"

"அதுவும் நானே வெக்கணுமா? அப்ப நீ எதுக்கு?"

அவன் சிரித்தான். அவளுக்கும் சிரிப்பு வந்துவிட்டது. அதை மறைக்கத் தலையைத் துவட்டிக்கொண்டாள். நான் பார்ப்பதைக் கண்டு, "இப்டி உள்ள வாங்கக்கா, சாரல் அடிக்கும்" என்று நகர்ந்து இடம் கொடுத்தாள். பிறகு, "ஊட்ல தேடுவாங்களே, போன் பண்ணி சொல்லிட்டீங்களா?" என்று கேட்டாள்.

"சொல்லிட்டேன்" என்றேன்.

யாருக்குச் சொல்வது? அதை அவளிடம் விளக்க வேண்டியதில்லை என்றுதான் அப்படிச் சொன்னேன். ஆனால் சொன்ன பிறகு, போனைக் கையில் எடுத்து யாரோ எனக்காகக் காத்திருப்பது போல ஒருமுறை பார்த்தும் வைத்துக்கொண்டேன். மழை தணிந்ததும் வண்டிகள் ஒவ்வொன்றாகக் கிளம்பின. அந்தப் பெண் பின் சீட்டில் ஏறிக்கொண்டு என்னைப் பார்த்துக் கையசைத்தாள். நான் தலையை இடது பக்கம் சாய்த்து, கலங்கல் இல்லாத பாதிக் கண்ணாடி வழியாகப் பார்த்துக்கொண்டே வீடு வந்து சேர்ந்தேன்.

மறுநாள் காரை எடுக்கவில்லை. பஸ்ஸில் போனேன். திரும்பும்போது பூந்தமல்லியில் இறங்கி, மார்க்கெட் பக்கம் ஒரு உதிரி பாகக் கடைக்குப் போனேன். கடையில் இருந்த பாயிடம் வண்டியின் பெயரைச் சொன்னேன்.

"கரண்ட் வண்டியா? அதப் பத்தி நமக்கு ஒண்ணியும் தெரியாதும்மா. வைப்பர் மட்டும் குடுக்கறேன், அது எல்லாத்துக்கும் வைப்பர்தான்" என்று சிரித்தார். மேல் தட்டிலிருந்து இரண்டு நீள அட்டைகளை இறக்கினார். "பெருசு டிரைவர் பக்கம், சின்னது இந்தாண்ட. வண்டி எங்க? மாட்டிக் குடுத்துடறேன்."

"வண்டி வீட்ல இருக்கு பாய்."

"அப்ப ஊட்ல யாருனா ஆம்பளைங்க கையில குடுத்துடுங்க, மாட்டிடுவாங்க."

சரி என்று வாங்கிக்கொண்டு வந்தேன்.

அன்று ராத்திரிச் செய்தியில் திருவள்ளூர் மாவட்டப் பள்ளி, கல்லூரிகளுக்கு மழை விடுமுறை என்றார்கள். அப்படிச் சொன்னால் என்ன நடக்கும் என்று எங்கள் பக்கத்துக்காரர்களுக்குத் தெரியும். வெள்ளிக்கிழமை காலையில் சுள்ளென்று வெயில் அடித்தது.

வாசலில் நின்றிருந்த காருக்கு முன்னால் இரண்டு அட்டைகளையும் வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். வைப்பரைத் தூக்கப் பார்த்தேன். தூக்க முடியவில்லை. இந்தக் காரில் வைப்பர்கள் பானட்டின் ஓரத்துக்கு அடியில் பாதி ஒளிந்திருக்கும். இழுத்தால் பானட்டில் போய் இடிக்கும். உள்ளே போய், வண்டியோடு வந்த தடிப் புத்தகத்தை எடுத்துப் பக்கம் பக்கமாகப் புரட்டினேன். வண்டியை அணைத்த கையோடு ஸ்டியரிங் பக்கத்திலுள்ள வைப்பர் குச்சியை மேலே தள்ளிப் பிடித்தால், வைப்பர்கள் கண்ணாடியின் நடுவுக்கு வந்து நிற்கும் என்று போட்டிருந்தது. ஆனால் இந்த வண்டி அணைந்ததா இல்லையா என்பதே எனக்கு எப்போதும் சந்தேகம். இன்ஜின் சத்தம் இருந்தால்தானே நின்றது தெரியும்? போட்டேன், அணைத்தேன், தள்ளினேன், ஒன்றும் நடக்கவில்லை. மறுபடி போட்டேன். எத்தனையாவது முறையோ, இரண்டு வைப்பர்களும் கும்பிடப் போகிற கைகள் மாதிரி எழுந்து நடுவில் நின்றன. தனியாக இருந்தும், "அப்பாடா" என்று வாய்விட்டுச் சொன்னேன்.

வைப்பரைத் தாங்கும் இரும்புத் தண்டைக் கண்ணாடியிலிருந்து தூக்கி நிறுத்தினேன். பிளேடைத் தண்டோடு சேர்க்கிற இடத்தில் ஒரு கிளிப் இருந்தது. அதை நகத்தால் அமுக்கிக்கொண்டு பிளேடைக் கீழே இழுக்கவேண்டும். அமுக்கினால் இழுக்க வரவில்லை, இழுத்தால் அமுக்க வரவில்லை. கிளிப்பை அமுக்க ஒரு கை, பிளேடை இழுக்க ஒரு கை, தண்டைப் பிடித்துக்கொள்ள ஒரு கை வேண்டியிருந்தது. என்னிடம் இரண்டுதான் இருந்தன. பல்லைக் கடித்துக்கொண்டு இழுத்தேன். பிளேடு கையோடு வந்துவிட்டது. வந்த வேகத்தில் நான் பின்னால் சாய, வெறும் இரும்புத் தண்டு படார் என்று கண்ணாடியில் போய் அடித்தது.

நான் கண்ணை மூடிக்கொண்டேன். கொஞ்ச நேரம் கண்ணாடியைப் பார்க்கவே இல்லை. பிறகு விரலால் தடவிப் பார்த்தேன். விரிசல் இல்லை. தலையிலிருந்து வியர்வை வழிந்து கண்ணில் எரிந்தது. அந்த நேரத்தில் ஒருவர், யாராவது ஒருவர், "பரவால்ல, உடையல" என்று சொல்லியிருந்தால் போதும் போல இருந்தது. தெருவில் ஆள் இல்லை.

அதற்கு மேல் எளிதாகத்தான் போயிற்று. புதுப் பிளேடின் ரப்பர் மேல் கண்ணாடிபோல ஒரு பிளாஸ்டிக் உறை இருந்தது. அதை உருவிச் சுருட்டிக் குப்பையில் போட்டேன். கொக்கிக்குள் பிளேடை நுழைத்து மேலே இழுத்ததும் 'டக்' என்று உட்கார்ந்தது. அந்தப் பக்கத்தையும் அதேபோல் மாட்டினேன். ஒரு சொம்புத் தண்ணீரைக் கண்ணாடியில் ஊற்றிவிட்டு வைப்பரைப் போட்டேன். ஒரே துடைப்பில் கண்ணாடி, இல்லாதது போல ஆயிற்று.

எனக்கு ஏற்பட்ட சந்தோஷம் அந்த வேலைக்கு அதிகம்தான். யாரிடமாவது சொல்ல வேண்டும் போல இருந்தது. அவருக்குப் படம் அனுப்பலாம் என்று போனை எடுத்தேன். முதலில் பழைய பிளேடின் கிழிந்த ரப்பரை மட்டும் கிட்டத்தில் படம் எடுத்து, "வைப்பர் பிஞ்சிடுச்சு" என்று போட்டு அனுப்பினேன். அடுத்து புதியது மாட்டியதை அனுப்பி அவரை ஆச்சரியப்படுத்துவதாகத் திட்டம். அந்தப் படத்தை எடுத்துக்கொண்டிருக்கும்போதே அவரிடமிருந்து குரல் செய்தி வந்துவிட்டது. அங்கே வெள்ளிக்கிழமை விடுமுறை.

"தே, தொடாத! அத நீ ஒண்ணியும் தொடாத. அந்த வண்டில வைப்பர் பானட்டுக்குள்ள கீது, இழுத்தீன்னா பெயின்ட்டு போயிரும். புது பிளேடு வாங்கிட்டியா? நான் குளிச்சிட்டு, சாப்ட்டுட்டு வீடியோ கால்ல வரேன். ஒண்ணு ஒண்ணா சொல்றேன், நீ பண்ணு. சூப்பரா மாட்டிடலாம். இன்னா?"

நான் அதை மறுபடி கேட்டேன். பல மாதங்களாக எங்கள் பேச்சு சுருங்கிப்போயிருந்தது. "சாப்டியா?" "சாப்ட்டேன். நீங்க?" "ம்." "மழையா?" "ஆமா." அவ்வளவுதான். வைக்கட்டுமா என்று யார் முதலில் சொல்வது என்பதற்குத்தான் காத்திருப்போம். இந்தக் குரல் அப்படி இல்லை. கார் வாங்கிய அன்று ஷோரூமில் ஒவ்வொரு பொத்தானையும் எனக்குக் காட்டிக்கொடுத்த குரல் இது.

எடுத்த இரண்டாவது படத்தை அனுப்பவில்லை. கொஞ்ச நேரம் வாசல் படியில் உட்கார்ந்திருந்தேன். பிறகு எழுந்து போய், புதுப் பிளேடுகளைக் கழற்றினேன். பழையதைத் திரும்ப மாட்டினேன். வைப்பர்களைப் பானட்டுக்கு அடியிலேயே கொண்டுபோய் ஒளித்துவைத்தேன். புதியதைத் துடைத்து அட்டைக்குள் நுழைத்தேன்.

பக்கத்து வீட்டுப் பெண் மொட்டை மாடியில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தவள், சுவர் ஓரமாக வந்து எட்டிப் பார்த்தாள். அவர்கள் வீட்டில் தையல் வேலை. மிஷின் சத்தத்தைத் தவிர அவர்களைப் பற்றி எனக்கு அதிகம் தெரியாது.

"இன்னாக்கா, இப்பதான கஷ்டப்பட்டு மாட்டுனீங்க? மறுபடி கழட்டிட்டு பழசையே மாட்டிகினு கீறீங்க?"

அவள் பார்த்துக்கொண்டிருந்தாள் என்பது எனக்குத் தெரியாது. என்ன சொல்வதென்று யோசித்து, கடைசியில் உள்ளதைச் சொன்னேன். "அவரு போன்ல சொல்லித் தரணும்னு ஆசப்படறாரும்மா."

அவள் சிரிப்பாள் என்று நினைத்தேன். சிரிக்கவில்லை. ஒரு கிளிப்பைத் துணியில் மாட்டிவிட்டு, "எங்க ஊட்டுக்காரரு கூடவேதான் கீறாரு. ஒரு நாளும் எனக்கு ஒண்ணு சொல்லித் தந்ததில்ல" என்று சொல்லிவிட்டுப் போனாள்.

மத்தியானம் அழைப்பு வந்தது. பிளாஸ்டிக் ஸ்டூலின் மேல் பக்கெட்டைக் கவிழ்த்து, அதன்மேல் மிக்ஸி ஜாரை வைத்து, அதில் போனைச் சாய்த்திருந்தேன். அவர் தலைவாரி, இஸ்திரி போட்ட சட்டையில் உட்கார்ந்திருந்தார்.

"இன்னும் கொஞ்சம் பின்னாடி வை. ஆங், இப்ப தெரியிது. மொதல்ல பழைய டவல் ஒண்ணு எடுத்தா. தண்டு தவறி உழுந்துதுன்னா கண்ணாடி காலி."

நான் உள்ளே போய் டவல் எடுத்து வந்து பானட்டின் மேல் வைத்துக்கொண்டேன். காலையில் கேட்ட படார் சத்தம் நெஞ்சுக்குள் ஒருமுறை கேட்டது.

"இப்ப வண்டிய போட்டு அணை. இந்த வண்டில அணஞ்சிச்சா இல்லியான்னே தெரியாது. ஸ்கிரீனு கறுப்பாவுதா பாரு. ஆயிடிச்சா? உடனே குச்சிய மேல தள்ளு. தள்ளிகினே இரு. இரு, இரு... வந்திச்சா!"

வைப்பர்கள் எழுந்து நின்றதும் அவர் கை தட்டினார். தண்டுகளைத் தூக்கி, அடியில் டவலை விரித்தேன். ஓட்டக் கற்றுக்கொடுத்தபோது கத்தியவர் இப்போது ஒருமுறைகூடக் குரலை உயர்த்தவில்லை. நான் கிளிப்பை அமுக்கத் தெரியாதவள் போல நின்றபோது, தன் விரல்களாலேயே காற்றில் அமுக்கிக் காட்டினார். "கட்ட வெரலு அடில, ஆள்காட்டி வெரலு மேல. மெதுவா. உனக்கு வரும்." அவர் சொன்னபடி செய்தபோது உண்மையிலேயே அது காலையைவிடச் சுலபமாகக் கழன்றது.

"செம! இப்ப புதுசு எடு. ரப்பர் மேல பிளாஸ்டிக்ல ஒரு உறை இருக்கும், அத மொதல்ல உருவு. நெறய பேரு அதோடவே மாட்டிடுவாங்க."

என் கையில் இருந்த பிளேடில் உறை இல்லை. அது குப்பைக் கூடையில் கிடந்தது. நான் பிளேடைப் பிடித்தபடி நின்றேன். உருவுகிற மாதிரி கையை அசைக்கலாமா என்று ஒரு கணம் தோன்றியது. வெட்கமாக இருந்தது.

"இன்னா, உருவிட்டியா?"

அவர் முகத்தைத் திரைக்கு அருகில் கொண்டுவந்து பார்த்தார். பிளேடின் ஓரத்தில், காலையில் கண்ணாடியைத் துடைத்த அழுக்கு ஒரு கோடாக ஒட்டியிருந்தது. நான் துடைத்தும் போகவில்லை. அவர் கண் அந்தக் கோட்டிலேயே நின்றது.

"செரி" என்றார் பிறகு. "உறை இல்ல. அடுத்தது, கொக்கிய நேரா புடி. பிளேட உள்ள உட்டு மேல இழு. டக்குனு சத்தம் வரணும்."

சத்தம் வந்தது. மறு பக்கத்துக்கும் அதே பொறுமையோடு, ஒரு படியையும் விடாமல் சொன்னார். நான் ஒரு படியையும் விடாமல் செய்தேன். எல்லாம் முடிந்து, டவலை எடுத்துவிட்டு, போனுக்கு முன்னால் வந்து தரையிலேயே உட்கார்ந்தேன்.

"காலைலயே மாட்டிட்டியா?" என்று கேட்டார்.

"ம்."

"தண்டு உழுந்திச்சா?"

"உழுந்துது. உடையல."

அவர் தலையை ஆட்டிக்கொண்டார். கோபம் இல்லை. ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டு பேசினார். "அங்க ரெண்டு வருசம் இருந்தனே. கேஸ் மாத்தறது, மோட்டார் போடறது, ஃபியூஸ் போனா பாக்கறது, எல்லாத்தியும் நீயே பண்ணிக்கினு இருந்த. நான் வந்து நின்னா, நீங்க உக்காருங்க, நான் பாத்துக்கறேன்னு சொல்லுவ. உக்காந்து உக்காந்து எனக்கு பேஜாராயிடிச்சி. நம்ம ஊட்ல நமக்கு இன்னா வேலன்னே தெரியல."

நான் அதை இத்தனை நாளும் அன்பாக நினைத்துத்தான் சொல்லியிருந்தேன். அத்தனை வருஷம் மொட்டை மாடிகளில், வெயிலில், கொதிக்கிற எந்திரங்களுக்கு நடுவில் நின்ற மனுஷன், இனிமேலாவது உட்காரட்டும் என்று. அதை அவரிடம் சொன்னேன்.

"தெரியும்" என்றார். "தெரிஞ்சாலும் உக்கார முடியலியே."

பேச்சை மாற்றுவதற்காக, "உங்க ரூமக் காட்டுங்க" என்றேன். அப்போதுதான் நினைத்துப் பார்த்தேன், நான் அதைக் கேட்டதே இல்லை. பழைய நாட்களில் போன் கார்டு போட்டுக் குரல் மட்டும்தான். வீடியோ வந்த பிறகும் அவர் முகத்தையும், பின்னால் ஒரு வெள்ளைச் சுவரையும்தான் பார்த்திருக்கிறேன்.

"இதுல இன்னா கீது பாக்க?" என்று தயங்கினார். பிறகு போனைத் திருப்பினார்.

இரும்புக் கட்டில். மேல் அடுக்குக் கட்டிலில் ஆள் இல்லை. அவருடைய பெட்டி இருந்தது. கயிற்றில் லுங்கியும் இரண்டு சட்டைகளும். ஒரு சின்ன மேஜையில் ரைஸ் குக்கர், அதன் பக்கத்தில் ஒரு தட்டு, ஒரு டம்ளர். ஜன்னலை அட்டை வைத்து அடைத்திருந்தார்கள். அந்தப் பக்கம் வரிசையாக ஏ.சி. எந்திரங்கள் என்றும், ராப்பகலாக இரையும் என்றும் சொன்னார். போனிலேயே அது எனக்குக் கேட்டது. இத்தனை நாள் அது லைனில் வருகிற இரைச்சல் என்று நினைத்திருந்தேன்.

"தட்டு ஒண்ணுதான் இருக்கா?"

"ஒருத்தனுக்கு எத்தினி தட்டு?" என்று சிரித்தார்.

என் சமையலறையிலும் இப்போது ஒரு தட்டுதான் புழக்கத்தில் இருந்தது. கழுவி, கழுவின ஈரத்தோடு அடுத்த வேளைக்கு அதையே எடுப்பேன். அதை அவரிடம் சொல்ல வாயெடுத்தேன். சொல்லவில்லை. அந்த அறையிலேயே தனிமை போதுமான அளவு இருந்தது.

வெயில் மங்கி மறுபடி மேகம் சேர்கிறவரை பேசிக்கொண்டிருந்தோம். எதைப் பற்றி என்று கேட்டால் சொல்லத் தெரியாது. கடைசியில் போனில் சார்ஜ் தீர்ந்து அதுவாகவே அணைந்தது.

அதற்காக அவர் அடுத்த விமானம் ஏறி வந்துவிடவில்லை. ஒப்பந்தம் இருக்கிறது, முடிய இன்னும் நாளாகும். முடிந்து வந்தால் இங்கே இருப்பாரா என்பதும் எனக்குத் தெரியாது. நான் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை.

அடுத்த வெள்ளிக்கிழமை அவர் கூப்பிட்டபோது நான் ஆய்வகத்தில் குழாயடியில் நின்று பியூரெட் என்கிற அளவுக் குழாய்களைக் கழுவிக்கொண்டிருந்தேன். ஒரு வகுப்பு போய், அடுத்த வகுப்பு வராத இடைவெளி. போனைத் தோளில் இடுக்கிக்கொண்டேன்.

"இன்னாம்மா, வேற எதனா ரிப்பேரு கீதா?"

வீட்டை மனசுக்குள் ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்தேன். மோட்டார் ஓடிக்கொண்டிருந்தது. குழாய்கள் ஒழுகவில்லை. "இப்ப ஒண்ணும் இல்லீங்க" என்றேன்.

"செரி" என்றார்.

அதற்குப் பிறகு இரண்டு பேருக்கும் பேச எதுவும் இல்லை. வழக்கமாக அந்த இடத்தில் யாராவது ஒருவர் வைக்கட்டுமா என்போம். அன்று நான் சொல்லவில்லை. அவரும் சொல்லவில்லை. அவர் பக்கம் எந்திரங்கள் இரைந்துகொண்டிருந்தன. என் பக்கம் தண்ணீர் விழுந்துகொண்டிருந்தது. நான் ஒவ்வொரு பியூரெட்டாகக் கழுவித் தாங்கியில் தலைகீழாக மாட்டினேன். வராந்தாவில் மாணவர்களின் செருப்புச் சத்தம் கேட்டதும், "பசங்க வந்துட்டாங்க" என்றேன்.

"செரி, பாரு" என்றார். நான் கையைத் துடைத்துக்கொண்டு கதவைத் திறக்கப் போனேன்.